சக்கரத்தில் பிறப்பது பாதிப் பானைதான்!

ஒரு ரகசியம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. சக்கரத்தை விட்டு இறங்கும்போதே பானை முழுசாக இறங்கிவிடும் என்றுதான் இத்தனை வயசு வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள்!

ஐப்பசி பிறந்த வாரம், ராசிபுரம் பக்கத்தில் ஒரு மண்பாண்டக் கொட்டகைக்குள் தலையை நீட்டினேன். சுழன்றுகொண்டிருந்த பானையை ஐயா நூலால் ஒரு இழு இழுத்து அறுத்தார். பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல ரெண்டு கையாலும் ஏந்திக் கீழே வைத்தார். ஆசையாய் உள்ளே எட்டிப் பார்த்தால், தரை தெரிகிறது. அடியே இல்லை!

"ஐயா, ஓட்டையாப் போச்சே!"

அந்த வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஐயா மட்டும் பொறுமையாகச் சொன்னார்: "அடி நாளைக்குத்தானுங்க அம்மிணி வரும்."

நாளைக்கா! அப்புறம் எப்படித் தூக்கம் வரும்? மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பவும் ஆஜர்.

நான் போனபோது அந்த வீட்டம்மா மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார். ஏரியிலிருந்து வந்த களிமண்ணை உடைத்து, ஊற வைத்து, சன்ன மணல் சேர்த்து, வட்டமாகப் பரப்பி வைத்திருந்தார்கள். வெறும் களிமண் காயும்போது வெடித்துவிடும். மணல் மிஞ்சினால் சக்கரத்தில் நிற்காது. அளவு என்ன என்று கேட்டேன். "காலுக்குத் தெரியும்" என்று பதில் வந்தது. தெரியத்தான் செய்கிறது! பேச்சுவாக்கில் சட்டென்று நின்று, குதிகாலுக்கடியில் விரலை விட்டு, மிளகளவு சுக்கான்கல் ஒன்றை எடுத்து வீசினார். அந்தத் துணுக்கு உள்ளேயே இருந்து சூளைக்குப் போனால் சுண்ணாம்பாகிவிடும். பிறகு ஈரம் பட்டு ஊதி, நல்ல பானையின் கன்னத்தைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். சேலம், நாமக்கல் பக்கத்து மண்ணில் சுக்கான்கல்லுக்குப் பஞ்சமா என்ன?

இனி, நான் காத்திருந்த காட்சி. நேற்றைய அடியில்லாப் பானை நிழலில் ஒரு பதத்துக்கு இறுகியிருந்தது. ஐயா அதை மடியில் சாய்த்தார். இடக்கையில் உருண்டையான கல், அது பானைக்குள் போனது. வலக்கையில் மரத்தட்டு, அது வெளியே. கல் ஏந்திக்கொள்ள, தட்டு அடிக்க, டப்... டப்... டப்... சுவரில் தடிமனாக விட்டுவைத்திருந்த மண் மெல்ல மெலிந்து கீழ்நோக்கி நகர்கிறது. ஓட்டை சாப்பாட்டுத் தட்டளவிலிருந்து வடையளவாகி, காசளவாகி, காணாமலே போய்விட்டது! கூடவே வயிறும் உருண்டு பருத்தது. உள்ளே இருக்கும் கை வெளியே இருக்கும் கையைப் பார்க்கவில்லை. காதுதான் ரெண்டுக்கும் நடுவில் தூது. சத்தம் கனமாகக் கேட்டால் இன்னும் மெலிய வேண்டும், லேசானால் நிறுத்த வேண்டும்.

எனக்கும் ஒரு பானை கொடுத்தார்கள். நாலாவது தட்டிலேயே அதன் விலாவில் என் திறமை பள்ளமாய்ப் பதிந்தது. அம்மா அதைப் பிசைந்து மண் குவியலிலேயே போட்டுவிட்டார். சூளைக்குப் போகாதவரை மண்ணுக்கு மன்னிப்பு உண்டு!

சூளையில் அது நடக்காது. பானைகளை அடுக்கி, வேலிக்காத்தான் விறகும் தென்னமட்டையும் செருகி, மேலே வைக்கோல் போர்த்தி, சேறு பூசி மூடுகிறார்கள். முதல் சில மணி நேரம் வெறும் வாட்டுத்தான். அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால், மண்ணுக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பானையை வெடிக்க வைத்துவிடும். பிறகு 700, 800 டிகிரி வரை சூடு ஏறும். அளக்கக் கருவி? "உள்ள கோவைப்பழ நெறம் வந்தாப் போதுமுங்க." காற்று தாராளமாகப் போனால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும், காற்றை அடைத்துப் புகையைப் பூட்டினால் கறுக்கும். நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த கறுப்பு சிவப்புக் கலங்கள், ஒரே பானையில் இந்த ரெண்டு நிறத்தையும் வரவழைத்தவர்களின் வேலை. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்திய கொங்குக் கைகள்!

ஐயா வீட்டுச் சுவரில் காலண்டர் தொங்குகிறது. ஆனால் கொட்டகையைப் பார்த்தாலே மாசம் தெரியும். தை என்றால் பொங்கல் பானை. மாசி, பங்குனியில் மாரியம்மன் பண்டிகைக்குப் பூவோடும் தீச்சட்டியும். வெயிலுக்குக் குழாய் வைத்த தண்ணீர்ப் பானை. ஆவணிக்குப் பிள்ளையார். கல்யாணத்துக்கு அரசாணிப் பானை, கடைசிப் பயணத்துக்குக் கொள்ளிக்குடம். நேர்த்திக்கடனுக்கு மாடும் கன்றுமாக உருவாரம்; உடுமலை பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் தைப்பொங்கல் சமயத்தில் மண் மாடுகள் மந்தை மந்தையாக நிற்கும். இப்போது கார்த்திகை வருகிறதே, அதனால் அகல்! மோட்டார் சக்கரத்தில் ஒரே மண் குவியலின் உச்சியிலிருந்து விளக்கு, விளக்கு, விளக்கு... நான் ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் படித்து முடிப்பதற்குள் ஏழு.

விளக்கு கேட்கும் மாசத்தில்தான் மழையும் வருகிறது. காயாது, சூளை வைக்க முடியாது. மழைக்கால நிவாரணமாக அரசு ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருகிறது. மண் எடுப்பதற்குப் பட்ட பாட்டில், 2024-ல் கொஞ்சம் விடிந்தது: வட்டாட்சியர் அனுமதியோடு ஏரி, குளத்து மண்ணை இலவசமாக எடுக்கலாம் என்று ஆனது. "மண்ணு வந்துருச்சுங்க, வாங்கற ஆளு வரோணுமே" என்றார் ஐயா, தட்டை நிறுத்தாமலே.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மண்பானை வாங்கும்போது ரெண்டு காரியம் செய்யுங்கள். விரலால் சுண்டுங்கள், 'ணங்' என்றால் நன்றாக வெந்திருக்கிறது. பிறகு கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சின்னச் சின்னப் பட்டைகளாகத் தட்டின தடம் தெரிந்தால், அதுதான் ரெண்டாம் நாள் வேலை. அதைப் பார்த்த பிறகு தயவுசெய்து பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்.