ஆலிஸும் அவளுடைய வாசகர்களும்



சிறுவர்களுக்கென எழுதப்படும் நூல்களுக்கு ஒரு விந்தையான நிலை உண்டு. அவற்றை எழுதுபவர் பெரியவர், அச்சிடுபவர் பெரியவர், மதிப்புரை வரைபவர் பெரியவர், விலை கொடுத்து வாங்குபவரும் பெரியவரே. படிப்பவர் மட்டும் சிறுவர். அவ்வாறாயின், அத்தகைய நூல் நன்றா தீதா என்று தீர்ப்புக் கூறும் உரிமை யாருக்கு உரியது? இந்த வினாவை வெறும் வாதமாக வளர்த்துக்கொண்டு போவதைவிட, ஒரு நூலை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி வெவ்வேறு காலத்து வாசகர் சொன்ன கருத்துக்களை வரிசைப்படுத்திப் பார்ப்பது பயன் தரும். நான் எடுத்துக்கொள்வது, லூயிஸ் காரல் என்னும் புனைபெயரில் 1865-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அற்புத உலகில் ஆலிஸ்' என்னும் ஆங்கில நூல். அது இன்று 170-க்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டிருக்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்று.

நூலாசிரியரின் இயற்பெயர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன். அவர் ஆக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1862-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4-ஆம் நாள், அவரும் நண்பர் ஒருவரும் அக்கல்லூரித் தலைவரின் மூன்று பெண்மக்களை ஏற்றிக்கொண்டு தேம்ஸ் ஆற்றில் படகு செலுத்திச் சென்றனர். அப்போது டாட்ஜ்சனுக்கு வயது முப்பது. நடுப் பெண்ணான ஆலிஸுக்கு வயது பத்து. பொழுது போவதற்காக அவர் அங்கேயே கட்டிச் சொன்ன கதையில், ஆலிஸ் என்னும் சிறுமி ஒரு முயலைத் தொடர்ந்து சென்று வளைக்குள் விழுகிறாள். அவள் உடல் ஒரு சமயம் சுருங்குகிறது. ஒரு சமயம் நீளுகிறது. தன் கண்ணீரே குளமாகப் பெருகிய நீரில் அவள் நீந்துகிறாள். கதையைக் கேட்ட ஆலிஸ், அதை எழுதித் தரவேண்டும் என்று வேண்டினாள். டாட்ஜ்சன் தம் கையாலேயே எழுதி, தாமே 37 படங்களும் வரைந்து, 1864 நவம்பரில் அவளுக்கு அதைப் பரிசாக அளித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

இதை அச்சேற்றலாமா என்ற ஐயம் ஆசிரியருக்கு இருந்தது. அவர் தம் நண்பரும் எழுத்தாளருமான ஜார்ஜ் மக்டொனால்டின் வீட்டிற்குக் கதையை அனுப்பினார். அவ்வீட்டு அம்மையார் அதைத் தம் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டினார். அவர்களுள் ஒருவனான கிரெவில் என்னும் ஆறு வயதுச் சிறுவன், இது போல் அறுபதினாயிரம் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்றானாம். பிற்காலத்தில் அவனே பெரியவனாகி, தன் பெற்றோரைப் பற்றி 1924-இல் எழுதிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறான். இந்நூலுக்குக் கிடைத்த முதல் மதிப்புரைகளுள் ஒன்று இதுவே. இதில் ஆராய்ச்சியில்லை, காரணமும் சொல்லப்படவில்லை. ஆயினும் நூலை வெளியிடும் துணிவை ஆசிரியருக்குத் தந்தவற்றுள் இதுவும் ஒன்று.

அச்சுக்கு வருமுன் ஆசிரியர் கதையை ஏறக்குறைய இரு மடங்காக விரித்தார். சிரிக்கும் பூனையும் பித்தர்களின் தேநீர் விருந்தும் அப்போது சேர்ந்தவையே. படங்களை ஜான் டென்னியல் என்னும் புகழ்பெற்ற ஓவியர் வரைந்தார். முதலில் அச்சான 2,000 பிரதிகளில் படங்கள் செவ்வையாகப் பதியவில்லை என்று டென்னியல் குறை கூறவே, ஆசிரியர் அப்பிரதிகளைத் திரும்பப் பெற்று, புதிதாக அச்சிடச் செய்தார். பதிப்புச் செலவு அவருடையது. ஆகவே நட்டமும் அவருடையதே. ஒரு வாசகரின் கருத்தை ஓர் ஆசிரியர் இவ்வளவு விலை கொடுத்து மதித்தது அரிய செய்தியாகும்.

நூல் வெளிவந்தபோது பத்திரிகைகள் பலவும் அதைப் பாராட்டின. ஆனால் லண்டனில் பெருமதிப்புப் பெற்றிருந்த 'அதீனியம்' என்னும் வார ஏடு 1865 டிசம்பரில் வேறு விதமாகக் கருதியது. கதை இயல்பாக ஓடவில்லை, மிகவும் முயன்று செய்யப்பட்டதாக இருக்கிறது, உண்மையான குழந்தை இதைப் படித்தால் மகிழ்வதைவிடக் குழம்பவே செய்யும் என்பது அதன் முடிவு. அந்த விமரிசகரை நாம் எள்ளி நகையாடுதல் முறையன்று. அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் நூல்களிற் பெரும்பாலானவை அறிவுரை கூறுவதற்கென்றே எழுந்தவை. சுறுசுறுப்பான தேனீயைப் பார், சோம்பாதே என்னும் கருத்தில் ஐசக் வாட்ஸ் 1715-இல் எழுதிய பாட்டை ஒவ்வொரு குழந்தையும் மனப்பாடம் செய்திருந்தது. காரலோ, ஆலிஸ் அப்பாட்டைச் சொல்லத் தொடங்கும்போது, தேனீயின் இடத்தில் மீன் விழுங்கும் முதலை வந்து நிற்கும்படி செய்துவிட்டார்! நம் சிறுவர்களும் மனப்பாடச் செய்யுளை மாற்றிப் பாடித் தமக்குள் சிரித்துக்கொள்வதுண்டு. ஆசிரியர் காதில் விழாமல் வகுப்பில் நடக்கும் அந்தச் செயலை, ஓர் ஆசிரியரே அச்சில் செய்து காட்டியது அந்நாளில் வியப்பாகத்தான் இருந்திருக்கும்.

இனி, இருபதாம் நூற்றாண்டின் கருத்துக்களைப் பார்ப்போம். 1931-இல் சீன நாட்டின் ஹூனான் மாகாணத்தில் இந்நூல் தடை செய்யப்பட்டது. விலங்குகள் மனித மொழி பேசுவதாகக் காட்டுவது மனிதரையும் விலங்கையும் ஒரே தட்டில் வைப்பதாகும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். காக்கையும் நரியும் பேசும் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்குவது கடினம். 1935-இல் வில்லியம் எம்ப்சன் என்னும் ஆங்கிலத் திறனாய்வாளர், இக்கதையைக் குழந்தை வளர்ச்சி, சமூகம், மனம் ஆகியவற்றைப் பற்றிய ஆழ்ந்த நூலாகக் கொண்டு ஆராய்ந்தார். பால் ஷில்டர் என்னும் நியூயார்க் மனநல மருத்துவர், 1938-இல் வெளியான கட்டுரையில், இதில் கொடுமையும் அச்சமும் மிகுந்திருப்பதால் குழந்தைகளுக்குத் தீங்கு விளையக்கூடும் என்று எச்சரித்தார். இதற்கிடையே செஸ்டர்டன் என்னும் எழுத்தாளர், ஆசிரியரின் நூற்றாண்டு நிறைவான 1932-இல், விளையாடிக்கொண்டிருந்த ஆலிஸைப் பிடித்துவந்து அறிஞர்கள் பாடமாக்கிவிட்டார்களே என்று வருந்தினார். 1960-இல் இந்நூலுக்கு விரிவான உரை எழுதிய மார்ட்டின் கார்ட்னரோ, இக்காலக் குழந்தைகள் இதைக் கண்டு திகைக்கிறார்கள், நூல் நிலைத்திருப்பது பெரியவர்களால்தான் என்றார்.

மருத்துவர் நோயைக் கண்டார். ஆட்சியாளர் ஒழுங்கின்மையைக் கண்டார். அறிஞர் ஆராய்ச்சிப் பொருளைக் கண்டார். ஒவ்வொருவரும் தத்தம் தொழிலாகிய கண்ணாடியை அணிந்தே நூலைப் படித்தனர் என்பது தெளிவு. எனவே ஒரு கருத்தைக் கேட்கும்போது, சொல்லப்பட்டது யாது என்பதோடு, எந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்லப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும்.

சிறுவர்கள் என்ன சொல்கிறார்கள்? நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வாரத்தில் ஒரு பாடவேளை இக்கதையைத் தமிழில் சொல்லி வந்தேன். முடிந்தபின், பெயர் எழுதாமல் தத்தம் கருத்தை மட்டும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். பூனை மறைந்த பின்பும் அதன் சிரிப்பு மட்டும் நிற்பதை நினைத்து இரவெல்லாம் சிரித்ததாக ஒருவர் எழுதியிருந்தார். ஆலிஸ் எங்கே போகிறாள், எதற்காகப் போகிறாள் என்பதே தெரியவில்லை, ஆகையால் இது கதையே அன்று என்றார் மற்றொருவர். இன்னொரு தாளில் இருந்தது இது: "அந்த நாட்டில் அவளிடம் அன்பாகப் பேச ஒருவரும் இல்லை. அவள் விழித்துக்கொண்டதுதான் எனக்குப் பிடித்தது." நியூயார்க் மருத்துவர் பல பக்கங்களில் சொன்னதன் சாரத்தை, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை இரண்டே வாக்கியங்களில் கண்டுவிட்டது!

ஆனால் என்னைக் கவலைக்குள்ளாக்கிய தாள் வேறு. 'இந்நூல் சிறந்த கற்பனை வளமும் உயர்ந்த நகைச்சுவையும் நிரம்பியது' என்று அதில் அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. பெயர் வேண்டா, மதிப்பெண் இல்லை என்று சொல்லியும், ஆசிரியர் விரும்புவார் என்று தோன்றியதையே அப்பிள்ளை எழுதிவிட்டது. பிடிக்கவில்லை என்று எழுதிய மாணவர் கதையைக் கேட்டிருக்கிறார். இவர் கேட்டாரா என்பதே தெரியவில்லை.

அதே ஆண்டில் நூலகக் குழுவில் ஒரு வழக்கு எழுந்தது. எங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர், கற்றறிந்த பெரியவர், இந்நூலை அலமாரியிலிருந்து நீக்கவேண்டும் என்றார். இதில் நீதி இல்லை. மூத்தோரை மதிக்கும் பண்பு இல்லை. அரசி எடுத்ததற்கெல்லாம் தலையை வெட்டு என்கிறாள் என்பன அவர் காட்டிய காரணங்கள். "ஐயா, தாங்கள் முழுவதும் படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள், நான் அதற்குக் கட்டுப்படுகிறேன்" என்று கூறி, நூலையும் அந்தத் தாள்களையும் அவரிடம் கொடுத்தேன். அவர் நேர்மையாளர், ஒரு வாரம் எடுத்துக்கொண்டு படித்தார். அரசி கட்டளையிட்டாலும் அங்கே உண்மையில் ஒருவர் தலையும் வெட்டப்படுவதில்லை என்று கதைக்குள்ளேயே ஒரு பாத்திரம் ஆலிஸிடம் கூறுகிறது. எதைக் கேட்டாலும் அதற்குள் ஒரு நீதியைத் தேடிப் பிடித்துச் சொல்லும் சீமாட்டி ஒருத்தியும் வருகிறாள். ஆசிரியர் சிரிப்பது நீதியைப் பார்த்து அன்று, நீதியைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டுபவரைப் பார்த்துத்தான். இவ்விரண்டையும் அவரே எனக்கு எடுத்துக்காட்டினார். "நூல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அன்பில்லாத நாடு என்று எழுதிய பிள்ளை கெட்டுப்போகவில்லை. புத்தகம் இருக்கட்டும்" என்றார். நான் கேட்ட கருத்துக்களுள் நேர்மையானது அது. பிடிக்கவில்லை என்பது வேறு, தீயது என்பது வேறு என்ற பாகுபாடு அதில் இருந்தது.

மொழி பற்றியும் ஒன்று கூற வேண்டும். இந்நூலைத் தமிழில் படிப்போர் சிலர், நகைச்சுவை எங்கே என்று தேடுவர். அதில் பெரும்பகுதி சிலேடையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் கதைக்கும் வாலுக்கும் 'டெய்ல்' என்று ஒரே ஒலி. எலி தன் துயரக் கதை நீண்டது என்கிறது. ஆலிஸ் அதன் வால் நீண்டது என்று கொள்கிறாள். பக்கத்திலும் எலியின் கதை வால் போல் வளைந்து வளைந்து அச்சிடப்பட்டிருக்கிறது. தமிழில் கதையும் வாலும் ஒன்றாகுமா? காளமேகப் புலவரின் சிலேடைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகிறது. ஆகவே மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டு மூலம் சுவையற்றது என்று கூறுதல் பொருந்தாது. ஆங்கிலம் ஓரளவு கைவந்த கல்லூரி மாணவர்கள் மூலத்தையே ஒரு முறை படித்துப் பார்க்கலாம். கடினமான நடை அன்று.

கதையின் இறுதியில் ஒரு வழக்கு மன்றம் வருகிறது. முதலில் தண்டனை, பிறகு தீர்ப்பு என்று அரசி முழங்குகிறாள். ஆலிஸ் அதை ஒப்புக்கொள்ளாமல் எதிர்த்துப் பேசுகிறாள். நூல்களைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சும் பல சமயங்களில் அந்த மன்றத்தைப் போன்றே இருக்கிறது. படிக்குமுன் பழிக்கிறோம், படிக்குமுன் புகழவும் செய்கிறோம். புகழும்போது குற்றம் சாட்டுவார் இல்லாததால், அது பிழை என்பதே நமக்குத் தோன்றுவதில்லை.

ஆகவே மாணவர்களே, ஒரு நூலைப் பற்றிக் கருத்துக் கூறுமுன் சில விதிகளை மேற்கொள்ளுங்கள். முதலில் நூலை முழுவதும் படியுங்கள்; மதிப்புரைகளைப் பின்னர்ப் பாருங்கள். பிடித்தது அல்லது பிடிக்காதது எந்த இடம் என்று பக்கத்தைச் சுட்டிக் காட்டுங்கள். உங்களுக்குப் பிடிக்காததைப் பிறர் படிக்கலாகாது என்று தடுக்க முனையாதீர்கள். சில ஆண்டுகள் கழித்து அதே நூலை மீண்டும் எடுத்துப் பாருங்கள். பத்து வயதில் அச்சம் தந்த அரசி, இருபது வயதில் சிரிப்பைத் தரலாம். தேர்வுத் தாளில் பிறர் சொன்னதை எழுத நேர்ந்தாலும், உங்கள் குறிப்பேட்டில் நீங்கள் உண்மையாக உணர்ந்ததை ஒரு வரியேனும் எழுதி வையுங்கள். அந்த ஒரு வரியை எழுதப் பழகியவரே பிற்காலத்தில் நல்ல வாசகர் ஆவார்.