மகிழுந்து ஒலிபெருக்கி மேம்பாடு

மகிழுந்து ஒலிபெருக்கி மேம்பாடு என்பது, தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு வரும் ஒலிபெருக்கிகளையும் அவற்றைச் சார்ந்த தாங்கி, பெட்டி, கம்பி முதலியவற்றையும் உரிமையாளர் தாமே மாற்றியோ திருத்தியோ ஒலித்தரத்தை உயர்த்தும் பணி ஆகும். விலையுயர்ந்த ஒலிபெருக்கியை வாங்கிப் பொருத்துவதே மேம்பாடு எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால் ஒலிபெருக்கி எதன் மீது, எவ்வாறு பொருத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் ஒலி அமைகிறது. சரியாக அடைக்கப்பட்ட கதவில் உள்ள எளிய ஒலிபெருக்கி, ஓட்டைகள் நிறைந்த கதவில் உள்ள உயர்ந்த ஒலிபெருக்கியைவிட நன்றாக ஒலிப்பதுண்டு.

வரலாறு

இன்றைய ஒலிபெருக்கிகளின் அடிப்படையான இயங்குசுருள் வகையை, செஸ்டர் ரைசு, எட்வர்டு கெலாக் ஆகிய அமெரிக்கப் பொறியாளர்கள் 1925 இல் விளக்கினர். 1930 இல் பால் கால்வினின் நிறுவனம் மகிழுந்து வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்கு மோட்டோரோலா எனப் பெயரிட்டது. பெட்டி செய்வோருக்கு இவற்றைவிட முக்கியமானது, ஆத்திரேலியரான நெவில் தீல் 1961 இல் வெளியிட்ட ஆய்வும், அதனைத் தொடர்ந்து 1970களில் ரிச்சர்டு சுமால் எழுதிய கட்டுரைகளும் ஆகும். அதுவரை பெரிதும் முயன்று தவறிக் கற்கும் கலையாக இருந்த பெட்டி வடிவமைப்பு, இவற்றின் பின்னர் எளிய கணக்காக மாறியது.

கதவு ஏன் முக்கியம்

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்புறக் காற்று விரிகிறது. முன் அலையும் பின் அலையும் எதிரெதிர்க் கட்டத்தில் இருப்பதால், இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழிக்கும். அலைநீளம் மிகுந்த தாழ் அதிர்வெண்களில் இவ்வழிவு கடுமையாக இருக்கும். ஒலிபெருக்கி ஒன்றைக் கையில் வெறுமனே பிடித்து ஒலிக்கச் செய்தால் ஓசை மெலிந்து கேட்கும். அதையே துளையிட்ட பெரிய அட்டையில் அழுத்திப் பிடித்தால் தாழ்ஒலி உடனே தோன்றும். மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை இது.

மகிழுந்தின் கதவு இந்த அட்டையின் வேலையைச் செய்ய வேண்டும். ஆனால் அதன் உள்தகட்டில் பெரிய திறப்புகள் உள்ளன. வெளித்தகடோ மெல்லியது, எளிதில் அதிரக்கூடியது. எனவே முதற்பணி தகடுகளின் உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் இரப்பர்த் தாளைப் பதிப்பதும், உள்தகட்டின் திறப்புகளை மூடுவதும் ஆகும். மலிவு கருதிக் கூரைக்கு ஒட்டும் தார்த்தாளைப் பயன்படுத்துவோர் உண்டு. வெயிலில் அது இளகி நாற்றம் வீசும் என்பதால் தவிர்ப்பது நன்று.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. கண்ணாடியின் விளிம்பு வழியே மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறக் கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அடைத்தால் கதவு துருப்பிடிக்கும். மேலும், சில மகிழுந்துகளில் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த உணரி கதவின் உள்ளறையில் உள்ளது. அவ்வறையின் திறப்புகளை மூடினால், காற்றுப்பை விரிய வேண்டிய நேரத்தைக் கணிக்கும் அமைப்பு பாதிக்கப்படலாம். குறிப்பிட்ட வண்டியில் அவ்வுணரி உண்டா என்பதை அறிந்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.

ஒலிபெருக்கிக்கும் தகட்டுக்கும் இடையே பொருத்தும் வளையத்தை 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் வெட்டிக்கொள்ளலாம். எம்.டி.எஃப். பலகை வெட்ட எளிது எனினும் ஈரத்தில் ஊதிவிடும். எப்பலகையாயினும் எப்பாக்சி பூசுவது நல்லது.

பெட்டி

சப்வூஃபர் எனப்படும் தாழ்ஒலிபெருக்கிக்குத் தனிப்பெட்டி தேவை. மூடிய பெட்டியே வீட்டில் செய்வதற்கு எளிது; அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். உற்பத்தியாளர் தரும் மூன்று எண்கள் போதும்: ஒத்ததிர்வெண், மொத்தத் தரக்காரணி, இணைகனஅளவு. எடுத்துக்காட்டாக இவை முறையே 28 ஹேர்ட்ஸ், 0.4, 60 லிட்டர் எனக் கொள்வோம். பெட்டியில் பொருத்திய பின் தரக்காரணி 0.707 ஆக அமைய வேண்டுமெனில், 0.707 ஐ 0.4 ஆல் வகுத்து, ஈவை வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்து, வரும் எண்ணால் 60 ஐ வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 28 லிட்டர். பெட்டியில் ஒத்ததிர்வெண் 50 ஹேர்ட்ஸ் அளவுக்கு உயரும்.

வீட்டு அறைக்கு இது போதாது எனத் தோன்றலாம். ஆனால் 60 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 5.7 மீட்டர், மகிழுந்தின் உள்ளறை அதைவிட மிகச் சிறியது. அத்தகைய அடைபட்ட இடத்தில் தாழ்ஒலியின் அழுத்தம் இயல்பாகவே உயர்கிறது. ஆகவே சிறிய மூடிய பெட்டியும் மகிழுந்தில் நிறைவான ஒலி தரும். பெட்டியை வண்டியின் உடலோடு திருகாணியால் இறுகப் பிணைக்க வேண்டும். மோதலின்போது பிணைக்கப்படாத கனத்த பெட்டி பயணிகள் மீது பாயும்.

மின்திறனும் கம்பியும்

ஒலிக்கருவிகளின் முகப்பில் '50 வாட் × 4' என அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். 14.4 வோல்ட்டின் வர்க்கத்தை 4 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 52 வாட் வரும். அது முற்றிலும் சிதைந்த சதுர அலைக்குரிய எண். சிதையாத சைன் அலைக்கு இதில் பாதியே உச்ச வரம்பு. இழப்புகள் போக 20 வாட் அளவே கிடைக்கும். எனவேதான் தாழ்ஒலிக்கு ஆம்ப்ளிஃபயர் எனப்படும் தனி மிகைப்பி தேவைப்படுகிறது.

80 விழுக்காடு பயன்திறன் கொண்ட 300 வாட் மிகைப்பி, 13.8 வோல்ட்டில் முழுத்திறனில் இயங்கும்போது 27 ஆம்பியர் அளவு மின்னோட்டத்தை இழுக்கும். அதற்கான கம்பி தகட்டில் உராய்ந்து காப்புறை கிழிந்தால், மின்கலத்திலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து தீப்பற்றும். ஆதலால் மின்கல முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் உருகி பொருத்த வேண்டும். மிகைப்பியின் அருகில் மட்டும் உருகி வைத்தால், இடையே ஓடும் கம்பிக்கு எப்பாதுகாப்பும் இல்லை. கம்பி தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் இரப்பர் வளையம் கட்டாயம்.

உச்ச அதிர்வெண்களுக்கான ட்வீட்டருக்குத் தாழ்ஒலி சென்றால் அதன் மெல்லிய சுருள் எரிந்துவிடும். 4 ஓம் ட்வீட்டருடன் 10 மைக்ரோபாரட் மின்தேக்கியைத் தொடராக இணைத்தால், 4000 ஹேர்ட்ஸுக்குக் கீழான ஒலி படிப்படியாகக் குறையும். முனைப்புள்ள மின்பகு மின்தேக்கி இதற்கு ஏற்றதன்று.

பொருத்திய பின்

இடது, வலது ஒலிபெருக்கிகளுள் ஒன்றன் முனைகள் மாறி இணைந்திருந்தால் தாழ்ஒலி மறைந்துவிடும். புதிய ஒலிபெருக்கி நன்றாக இல்லை என்ற குறைக்கு இது ஓர் எளிய காரணம். தொடர்பைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையை ஒலிபெருக்கியின் நேர்முனையில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே நகர வேண்டும். ட்வீட்டரில் இச்சோதனையைச் செய்யக் கூடாது.

அண்மைக்கால வண்டிகளில் ஒலிக்கருவி திரையோடும் பிற கட்டுப்பாடுகளோடும் ஒன்றிணைந்திருப்பதால், அதை மாற்றுவது கடினம். அவற்றில் ஒலிபெருக்கிக் கம்பிகளிலிருந்தே குறிப்பலையைப் பெறும் மிகைப்பிகள் பயன்படுகின்றன. மின்சார மகிழுந்துகளிலும் ஒலியமைப்புக்கு வழக்கமான தாழ் மின்னழுத்தச் சுற்றே மின்சாரம் அளிக்கிறது. ஆரஞ்சு நிற உறையிட்ட உயர் மின்னழுத்தக் கம்பிகளை வீட்டில் பணி செய்வோர் தொடவே கூடாது.