பன்னிரண்டு பருக்கையும் ஒரு பானையும்

2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கல்லூரி கால்பந்து சீசன் தொடங்கும் முன்பு, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழக்கம்போல முதல் 25 அணிகளின் பட்டியலை வெளியிட்டது. முதலிடம் டெக்சஸ். சீசனுக்கு முந்தைய பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை. இரண்டாமிடம் பென் ஸ்டேட். ஆகஸ்டு 30 அன்று டெக்சஸ் தன் முதல் ஆட்டத்திலேயே ஒஹையோ ஸ்டேட்டிடம் 14-7 என்று தோற்றது. பென் ஸ்டேட் பயிற்சியாளர் அக்டோபர் பாதியில் வேலையை இழந்தார். 2026 ஜனவரியில் கோப்பையை வென்றது இண்டியானா. ஆகஸ்டுப் பட்டியலில் அதன் இடம் 20.

நாம் டிவியில் பார்க்கும் உலகக் கோப்பைக் கால்பந்து அல்ல இது. நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். ஆகஸ்டு மாதம் முழுக்க அங்கே ரசிகர்களுக்கு இதே பேச்சு. நம்ம அணி பத்து ஜெயிக்கும், அவர்கள் ஆறைத் தாண்ட மாட்டார்கள், இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று வீட்டுக்கு வீடு கணிப்பு நடக்கும்.

கணிப்புகள் இப்படிக் கவிழ்வதைப் பார்த்து, நிபுணர்களுக்கு ஆட்டம் தெரியாது என்று முடிவுகட்டுவது சரியல்ல. அந்தப் பட்டியலுக்கு ஓட்டுப் போடும் அறுபதுக்கும் மேற்பட்ட செய்தியாளர்களுக்கு வருஷம் முழுக்க இதுதான் வேலை. அவர்களும் ரசிகர்களும் சறுக்குவது ஒரே இடத்தில். போன சீசனின் வெற்றி தோல்வியில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல், முழுவதையும் அடுத்த சீசனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். திறமை ஓரளவு கூடவே வரும். அதிர்ஷ்டம் வராது. புள்ளியியலில் இவ்வளவு எளிமையும் இவ்வளவு அழகும் சேர்ந்த விஷயம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அருமையான மாதிரியெடுப்பு விதி அது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பானை நன்றாகக் கொதித்துப் புரள வேண்டும். எல்லா அரிசியும் ஒரே சூட்டில் புரள்வதால்தான் ஒரு பருக்கை மற்றவற்றுக்குச் சாட்சி சொல்ல முடிகிறது. விறகு அடுப்பில் ஒரு பக்கம் மட்டும் தீ எரிந்து, கிளறாமலும் விட்டால், அடியில் குழைந்திருக்கும், மேலே அரிசி அரிசியாக நிற்கும். அப்போது கையில் எடுத்த பருக்கை, பானையைப் பற்றிச் சொல்வதைவிடக் கரண்டி போன இடத்தைப் பற்றியே அதிகம் சொல்லும். கல்லூரி கால்பந்து சீசன் இந்த இரண்டாம் வகைப் பானை. அதிலிருந்து நமக்குக் கிடைப்பது பன்னிரண்டே பருக்கை. அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. அங்கே கரண்டி பானையின் எல்லா மூலைக்கும் போய்வந்துவிடும். கல்லூரி அணிக்கு வழக்கமான சீசன் 12 ஆட்டத்தோடு முடிந்துவிடுகிறது.

பன்னிரண்டு என்பது எவ்வளவு சிறிய எண் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எந்த ஆட்டத்திலும் ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புள்ள நல்ல அணி ஒன்றை வைத்துக்கொள்வோம். காயம் இல்லை, சண்டை இல்லை, வருஷத்துக்கு வருஷம் பலம் மாறுவதும் இல்லை. சராசரியாக அது 8 ஆட்டம் ஜெயிக்கும். ஆனால் ஈருறுப்புப் பரவலைப் போட்டுப் பார்த்தால், அதே அணி 10 அல்லது அதற்கு மேல் ஜெயிக்கும் வாய்ப்பு 18 சதவீதம். 6 அல்லது அதற்குக் கீழே முடியும் வாய்ப்பும் ஏறக்குறைய அதே 18 சதவீதம். அதாவது ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஊர் திருவிழாக் கொண்டாடும். ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை பயிற்சியாளரை விரட்டச் சொல்லிக் கொடி பிடிக்கும். அணியில் ஒன்றுமே மாறியிருக்காது.

இந்த அதிர்ஷ்டம் மைதானத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பந்தே காட்டிவிடும். உருண்டைப் பந்து எப்படி விழுந்தாலும், தரை அதற்குத் தரும் உதை அதன் நடுப்புள்ளி வழியே மேல்நோக்கிப் போகும். நீள்வட்டப் பந்து அப்படியல்ல. கூர்முனை சாய்ந்து தரையைத் தொட்டால் உதை நடுப்புள்ளியை விட்டு விலகிப் போகும். பந்து சுழலும், சுழற்சியில் ஒரு பங்கு அடுத்த துள்ளலில் ஓட்டமாக மாறும், எந்தப் பக்கம் என்பது விழுந்தபோதிருந்த சாய்வைப் பொறுத்தது. சாய்வில் சில டிகிரி வித்தியாசம் போதும், பந்து எதிர்த்திசையில் ஓடிவிடும். எதிராளியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிடுவது திறமை. தட்டிவிட்ட பந்து யார் கைக்குப் போகிறது என்பது, பல வருஷக் கணக்கில், ஏறக்குறைய பாதிக்குப் பாதி. முப்பது புள்ளி வித்தியாசத்தில் முடியும் ஆட்டத்தில் அப்படி ஒரு துள்ளல் எதையும் மாற்றாது. எட்டுப் புள்ளிக்குள், அதாவது ஒரே ஒரு டச்டவுனில் (பந்தோடு எதிரணியின் கோட்டைக் கடப்பதில்) எட்டிப்பிடிக்கக்கூடிய தூரத்தில் முடியும் ஆட்டத்தில், முடிவே அதுதான்.

2013-ஆம் ஆண்டு ஆபர்ன் பல்கலைக்கழக அணியை எடுத்துக்கொள்வோம். முந்தைய வருஷம் 3 வெற்றி, 9 தோல்வி. அந்த வருஷம் 12 வெற்றி, 2 தோல்வி, தேசிய இறுதி ஆட்டம்வரை போனது. நவம்பர் 16 அன்று ஜார்ஜியாவுக்கு எதிராக ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, கடைசி நிமிஷத்தில், நம்பிக்கையற்ற நிலையில் ஒரு நீண்ட எறிதல். ஜார்ஜியாவின் தடுப்பாட்டக்காரர்கள் இருவர் ஒரே நேரத்தில் அதற்காக எழும்பினார்கள். அவர்களிடம் பட்டு மேலே தெறித்த பந்து, அவர்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த ஆபர்ன் வீரர் கையில் விழுந்தது. 73 யார்டு டச்டவுன், ஆட்டம் 43-38. இருவரில் ஒருவர் மட்டும் எழும்பிப் பந்தைக் கீழே அடித்திருந்தால் ஆபர்ன் தோற்றிருக்கும். இரண்டு வாரம் கழித்து அலபாமாவுடன் 28-28. மீதமிருந்த ஒரே விநாடியில் அலபாமா 57 யார்டு தூரத்திலிருந்து கோல் கம்பத்தை நோக்கி உதைத்தது. பந்து தூரம் போதாமல் விழ, கம்பத்தடியில் காத்திருந்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் மறுகோடிவரை ஓடிவிட்டார். 34-28. அந்த சீசனில் ஆபர்ன் எட்டுப் புள்ளிக்குள் வென்ற ஆட்டங்கள் ஆறு. அப்படித் தோற்றது ஒன்றே ஒன்று, இறுதி ஆட்டம்.

2014 ஆகஸ்டில் ஆபர்னுக்குக் கிடைத்த இடம் 6. சீசன் முடிவில் 8 வெற்றி, 5 தோல்வி. அணி கெட்டுப்போய்விட்டது, வெற்றி தலைக்கேறிவிட்டது என்று விளக்கம் தேட வேண்டிய அவசியமே இல்லை. முந்தைய வருஷம் கரண்டி பெரும்பாலும் வெந்த பக்கமே போய்வந்தது. இந்த வருஷம் இரண்டு பக்கமும் போனது. அமெரிக்காவில் முதல் நிலையில் ஆடும் கல்லூரி அணிகள் 130-க்கு மேல். ஒவ்வொன்றும் சீசனில் ஐந்து நெருக்கமான ஆட்டம் ஆடுவதாகவும், ஒவ்வொன்றின் முடிவும் பாதிக்குப் பாதி என்றும் வைத்துக்கொண்டால், ஐந்தையும் வெல்லும் வாய்ப்பு 32-இல் 1. எந்தத் தனித்திறமையும் இல்லாமலே நான்கு அணிகள் ஐந்துக்கு ஐந்து வெல்லும், நான்கு அணிகள் ஐந்தையும் தோற்கும். முதல் நான்கு அணிகளின் மன உறுதியைப் பற்றி டிசம்பரில் பக்கம் பக்கமாகக் கட்டுரை வரும். அடுத்த வருஷம் அவை இறங்கி வரும்போது, அந்த மன உறுதி எங்கே போனது என்று இன்னொரு கட்டுரை வரும். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியல் சொல்வது இதைத்தான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரிக்குக் கொஞ்சம் நெருங்கியே இருக்கிறார்கள் என்று பிரிட்டிஷ் அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன் 1886-இல் எழுதினார். இந்தக் கருத்துக்குப் பெயர் வந்தது அவரிடமிருந்துதான். அசோசியேட்டட் பிரஸ் தரவரிசை 1936-இல் தொடங்கியது, சீசனுக்கு முந்தைய பட்டியல் 1950-இல். அந்த முதல் பட்டியலில் முதலிடம் பெற்ற நோட்டர் டேம் அணி அந்த வருஷம் 4 வெற்றி, 4 தோல்வி, 1 சமன் என்று முடித்தது.

இந்த விதியைப் பிடித்துக்கொண்டு இனி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. அவர்கள் நெப்ராஸ்காவைப் பார்க்க வேண்டும். 2021-இல் அது 3 வெற்றி, 9 தோல்வி. ஒன்பது தோல்வியும் 9 புள்ளிக்குள். சீசன் மொத்தத்தில் எதிரணிகளைவிட 63 புள்ளி கூடுதலாக எடுத்தும் ஒன்பது தோல்வி. அடுத்த வருஷம் இந்த அணி நிச்சயம் எழும் என்று கணக்குத் தெரிந்தவர்களே சொன்னார்கள். 2022-இன் முதல் ஆட்டம் டப்ளின் நகரில், நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக. முந்தைய வருஷம் 56-7 என்று நெப்ராஸ்கா நொறுக்கிய அதே அணி. இந்த முறை 31-28 என்று நெப்ராஸ்கா தோற்றது. மூன்றாவது ஆட்டத்தோடு பயிற்சியாளர் போனார். சீசன் 4-8. விதி பொய்த்துவிடவில்லை. அது கூட்டத்தைப் பற்றிய விதி. இப்படி நூலிழையில் தோற்ற நூறு அணிகளைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலானவை மேலே வரும். குறிப்பிட்ட ஓர் அணிக்கு அது வாக்குறுதி அல்ல. போன வருஷத் துரதிர்ஷ்டத்தை ஈடுகட்டும் கடமை பந்துக்குக் கிடையாது.

திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் உள்ள வேறுபாடு தெரியாததால் மனிதர்களுக்கு நேரும் கேட்டைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். மோசமான சீசன் முடிந்ததும் பயிற்சியாளரை நீக்குகிறார்கள். அடுத்த வருஷம் அணி எழுகிறது. புதியவர் மாயம் செய்தார் என்கிறார்கள். நீக்காமலே விட்டிருந்தாலும் எழுந்திருக்குமா? ஆட்லர், பெரி, டொஹர்டி என்ற மூன்று சமூக அறிவியலாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதே கேள்வியைக் கேட்டது. ஒரே அளவுக்குத் தடுமாறிய கல்லூரி அணிகளில், பயிற்சியாளரை மாற்றியவற்றையும் மாற்றாதவற்றையும் ஒப்பிட்டார்கள். மிக மோசமாக ஆடிய அணிகளில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி மீண்டன. நடுத்தர அணிகளில் மாற்றியவை பிறகு இன்னும் மோசமாகவே ஆடின. கோடிக்கணக்கான டாலர் இழப்பீடு கொடுத்துச் செய்யும் மாற்றத்துக்குக் கிடைத்த பலன் இது. இருபது வயதுப் பையன் ஒருவனின் கையிலிருந்து நழுவிய பந்தை அவன் குணத்தின் குறையாகப் பேசுவதும் இதே தவறுதான்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2021 முதல், வீரர்கள் ஒரு வருஷம் காத்திருக்காமலே வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆட முடிகிறது. ஆகவே போன வருஷம் பதம் பார்த்த பானையில் இருந்த அரிசியில் ஒரு பங்கு இப்போது வேறொரு வீட்டு அடுப்பில் வேகிறது. பழைய பருக்கையின் சாட்சி அந்த அளவுக்குச் செல்லாது. இதனால்தான் கவனமாகச் செய்யப்படும் கணிப்புகள், உதாரணமாக பில் கானெலி உருவாக்கிய எஸ்பி பிளஸ், வெற்றி தோல்விப் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, போன வருஷ ஆட்டத்தில் பங்களித்தவர்களில் எவ்வளவு பேர் திரும்பி வருகிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களின் தரம் என்ன, அணியின் சில வருஷ வரலாறு என்ன என்று பார்க்கின்றன.

அப்படியானால் இண்டியானாவை ஆகஸ்டிலேயே கண்டுகொண்டிருக்க முடியுமா? கோப்பை வெல்லும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஒரு தடயம் கண்ணெதிரே இருந்தது. 2023-இல் 3-9 என்று கிடந்த அணி, புதிய பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி வந்த 2024-இல் 11-2 ஆனது. அந்தப் பதினொரு வெற்றியில் எட்டுப் புள்ளிக்குள் முடிந்தது மிச்சிகனுக்கு எதிரான 20-15 மட்டும். நெப்ராஸ்காவை 56-7, பர்டியூவை 66-0 என்று வென்றிருந்தது. பந்தின் துள்ளல் ஒன்று மாறினால் கைமாறும் வெற்றிகள் அல்ல அவை. எளிய எதிரணிகள் என்று வாக்காளர்கள் தள்ளுபடி செய்தார்கள். அதில் நியாயமும் இருந்தது, ஒஹையோ ஸ்டேட்டிடமும் நோட்டர் டேமிடமும் அது தோற்றிருந்தது. ஆனாலும் 2013 ஆபர்னின் பன்னிரண்டு வெற்றியும் 2024 இண்டியானாவின் பதினொரு வெற்றியும் ஒரே தராசில் வைக்கக்கூடியவை அல்ல. முன்னதற்கு ஆறாமிடமும் பின்னதற்கு இருபதாமிடமும் கொடுத்தது, வெற்றியை எண்ணியதாலும் பெயரைப் பார்த்ததாலும் வந்த பிழை.

கணிக்க விரும்புகிற ரசிகருக்கு என் யோசனை இதுதான். வெற்றி எண்ணிக்கையை மூடிவையுங்கள், புள்ளி வித்தியாசங்களை எடுத்து வையுங்கள். நெருக்கமான ஆட்டங்களைப் பாதி வெற்றி, பாதி தோல்வி என்று திருத்தி எழுதுங்கள். யார் திரும்பி வருகிறார்கள் என்று பாருங்கள். வந்த விடையை இன்னும் கொஞ்சம் நடுப்பக்கமாக இழுங்கள். பிறகு ஒரே எண்ணாகச் சொல்லாமல் ஆறிலிருந்து பத்துக்குள் என்று சொல்லுங்கள். மேலே பார்த்த, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புள்ள அணிக்கு, அதன் பலம் துல்லியமாகத் தெரிந்தவர் சொல்லக்கூடிய சிறந்த ஒற்றை எண் 8. சரியாக எட்டே ஆட்டம் ஜெயிக்கும் வாய்ப்பு 24 சதவீதத்துக்கும் குறைவு. எல்லாம் அறிந்தவரே நான்கில் மூன்று முறை தவறுவார். ஆகவே செயற்கை நுண்ணறிவு என்றோ நாற்பது வருஷ அனுபவம் என்றோ சொல்லி ஒற்றை எண்ணை விற்க வருகிறவரிடம், பிழையின் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். அதைச் சொல்லாதவரின் கணிப்பு பலித்தாலும் அது அறிவியல் ஆகாது.