கூடை தானாக நடக்கும் காட்சி

லயத்து வாசலில் இருக்கும் கொழுந்துக் கூடை தானாகவே படியிறங்கி மலைப் பாதையில் போகவேண்டும். டிக்கோயாவில் குறும்படம் எடுக்கும் மாணவருக்கு இப்படியொரு காட்சி தேவைப்பட்டால், கணினி வரைகலைக்காரரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு போன், அதை ஆடாமல் நிறுத்த ஒரு தாங்கி, நிறையப் பொறுமை இருந்தால் போதும். கூடையை வைத்து ஒரு படம். சற்றே நகர்த்தி, கையை எடுத்துவிட்டு இன்னொரு படம். விநாடிக்கு 12 படம் என்று ஓடவிட்டால், நகர்த்திய கை எதிலும் தெரியாததால் கூடைக்கு உயிர் வந்துவிடும். இதுதான் ஸ்டாப் மோஷன்.

நம் பக்கத்துச் சினிமாவில் இது மிகப் பழைய வித்தை. தாதாசாகேப் பால்கே 1912இல் தொட்டியில் பட்டாணி விதைத்து, எதிரே கமராவை நிறுத்தி, விதை முளைத்துக் கொடியாவதை ஏறத்தாழ ஒரு மாதம் ஒவ்வொரு படமாகப் பதிவுசெய்தார். திரையில் அது ஒரு நிமிட அளவே ஓடியது. அதைப் பார்த்து வியந்த ஒருவர் கொடுத்த கடன், 1913இல் வெளியான ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்குக் கைகொடுத்தது. பிறகு தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி நடிக்க வைத்தும் ஒரு படம் செய்தார். பட்டாணி தானாக வளர்ந்தது. தீக்குச்சிக்கு அசைவைக் கொடுத்தது பால்கேயின் விரல்கள். மாணவர் பழகவேண்டியது அந்த இரண்டாவது வேலையைத்தான்.

அதில் உயிர்நாடி, நகர்த்தும் அளவு. கூடை 2 விநாடியில் 60 சென்டிமீட்டர் போகவேண்டும் என்றால் 24 படங்கள். ஒவ்வொரு முறையும் சரியாக இரண்டரை சென்டிமீட்டர் தள்ளினால், யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கும். முதலில் அரை சென்டிமீட்டர், பிறகு ஒன்று, நடுவில் நாலு, நிற்கப்போகும்போது மறுபடி குறைத்துக்கொண்டே வரவேண்டும். புறப்படுமுன் இரண்டு படங்களுக்கு மட்டும் கூடையைப் பின்பக்கமாக லேசாகச் சாய்த்துப் பாருங்கள். அந்தச் சின்னச் சாய்வில் கூடைக்குக் கனம் வந்துவிடும், போக மனமில்லாததுபோல ஒரு தயக்கமும் வரும். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இங்கே பெரிய எதிரி வெளிச்சம். காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து மூடுபனி ஏறினால் பத்து நிமிடத்தில் மலையின் நிறமே மாறிவிடும். அப்படி எடுத்த படங்களை ஓடவிட்டால் காட்சி மின்னிமின்னித் துடிக்கும். அதனால் முதல் முயற்சியைக் காம்பராவுக்குள், ஜன்னலை மறைத்து, ஒரே விளக்கில் செய்வது நல்லது. போனில் வெளிச்ச அளவு, குவியம், வெண்சமநிலை மூன்றையும் பூட்டிவிடவேண்டும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை விநாடியில் 50இல் ஒரு பங்கு அல்லது 25இல் ஒரு பங்கு என்று வைத்தால் விளக்கின் துடிப்பு படத்தில் கோடாக விழாது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கவேண்டாம். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் படத்தில் ஏறும்.

பறித்த கொழுந்து விளக்குச் சூட்டில் சீக்கிரம் வாடும். கூடைக்குள் துணியை அடைத்து மேலே மட்டும் கொழுந்து பரப்பி, ஈரம் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

பொருளுக்குப் பதில் ஆளையே இப்படி நகர்த்தலாம். நோர்மன் மெக்லாரன் 1952இல் ‘நெய்பர்ஸ்’ படத்தில் மனிதர்களைத் தரையில் வழுக்கிப் போகச் செய்தார். நடிப்பவர் ஒவ்வொரு படத்துக்கும் சிலையாக நிற்கவேண்டும். அந்தச் சிரமம் இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. எதிரே இருப்பவர்களை நிமிடக்கணக்கில் அசையாமல் உட்காரவைத்துப் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கமரன், 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில்தான் காலமானார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

நிக் பார்க் திரைப்படக் கல்லூரி மாணவராக 1982இல் தொடங்கிய களிமண் பொம்மைப் படம் ‘எ கிராண்ட் டே அவுட்’ 1989இல்தான் முடிந்தது. அவ்வளவு பெரிய கதையோடு தொடங்கவேண்டாம். முதல் படம் 10 விநாடி இருக்கட்டும். அதற்கு 120 படங்கள். ஒரு போயா விடுமுறையில் எடுத்துவிடலாம்.