மணமும் ஏறும், மெத்தனாலும் ஏறும்: மதுவுக்கு ஆவிவழி மணமூட்டும் முறை – ஒரு விளக்கம்

ஜின் என்னும் மதுவகை தண்ணீரைப் போலவே நிறமற்றது. ஆயினும் அதில் எலுமிச்சைத் தோல், தனியா, ஏலக்காய், இஞ்சி போன்றவற்றின் மணம் தெளிவாகத் தெரிகிறது. சாயமோ சாறோ இறங்காமல் மணம் மட்டும் எவ்வாறு சேர்கிறது என்பதற்கான விடை, வடிகலனுக்குள் எழும் ஆவியில் உள்ளது. 'ஆவிவழி மணமூட்டல்' என அழைக்கப்படும் இந்த முறை, உரிமம் பெற்ற வடிப்பாலைகளில் நீண்டகாலமாகக் கையாளப்படுகிறது. வீட்டிலேயே மது வடிப்போரும் சில நாடுகளில் இதைப் பின்பற்றுகின்றனர்.

இந்தியாவில் உரிமமின்றி மது வடிப்பது, பழங்குடியினருக்கான வரையறுக்கப்பட்ட சில விலக்குகள் நீங்கலாக, குற்றமாகும். நல்ல மணம் வீசும் சாராயம் தூய்மையானதாகத்தான் இருக்கும் என்ற எண்ணமும் அறிவியல்படி தவறானது. இந்த முறை எவ்வாறு செயல்படுகிறது, அதனால் எதைச் செய்ய இயலாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு வழிகள்

மதுவுக்கு இயற்கை மணம் ஊட்டப் பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, ஊறவைத்து வடித்தல். ஜூனிப்பர் காய்கள், விதைகள், வேர்கள், பழத்தோல்கள் ஆகியவற்றை ஆல்கஹாலில் சில மணி நேரமோ ஒரு நாளோ ஊறவைத்து, அவற்றோடு சேர்த்தே கொதிக்கவிட்டு வடிப்பர். இதில் மணம் அழுத்தமாகவும் கனமாகவும் அமையும். ஆனால் தாவரப் பொருள்கள் கொதிநீர்மத்தில் நெடுநேரம் வேகுவதால், மென்மையான மணங்கள் சிதைந்து 'வெந்த' வாடை சேரவும் வாய்ப்புண்டு.

இரண்டாவது, ஆவிவழி மணமூட்டல். இதில் தாவரப் பொருள்கள் கொதிநீர்மத்தைத் தொடுவதே இல்லை. வடிகலனின் மேற்பகுதியிலோ, ஆவி செல்லும் பாதையிலோ துளைகள் கொண்ட செப்புக் கூடை ஒன்று பொருத்தப்படும். கீழிருந்து எழும் ஆல்கஹால் ஆவி அந்தக் கூடையின் ஊடே புகுந்து, மண எண்ணெய்களை ஏந்திக்கொண்டு குளிர்விப்பானை அடைகிறது. அங்கு மீண்டும் நீர்மமாகிச் சொட்டுகிறது. இட்லிக் கொப்பரையில் மாவு நீரில் வேகாமல் ஆவியில் வேகுவதோடு இதை ஒப்பிடலாம்.

பிரிட்டனின் பாம்பே சஃபையர் நிறுவனம் இம்முறையால் பெயர் பெற்றது. 'கார்ட்டர் ஹெட்' என்ற வகை வடிகலனில் 10 தாவரப் பொருள்கள் கூடையில் வைக்கப்படுகின்றன. அவற்றுள் வால்மிளகு, அதிமதுரம், தனியா ஆகியவை தமிழக நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைப்பவை.

கொதிநிலை குறைவு; மணம் ஏறுவது எப்படி?

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. எத்தனால் 78.4 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஆனால் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களின் முதன்மை மணப்பொருளான லிமோனீனின் கொதிநிலை ஏறத்தாழ 176 டிகிரி. அப்படியிருக்க, 80 டிகிரியை ஒட்டிய ஆவியில் அது எவ்வாறு ஏறுகிறது?

ஒரு பொருள் ஆவியாவதற்கு அதன் கொதிநிலையை எட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. கொடியில் உலர்த்திய ஈரத்துணி 100 டிகிரி வெப்பமின்றியே காய்கிறது. அதுபோல, மண எண்ணெய்களும் தாழ்ந்த வெப்பநிலையிலேயே சிறிதளவு ஆவியாகின்றன. சூடான ஆல்கஹால் ஆவி இடைவிடாது கடந்து செல்லும்போது, அந்தச் சிறிதளவை அது தன்னோடு இழுத்துச் செல்கிறது. தவிர, கூடையிலுள்ள பொருள்கள் தொடக்கத்தில் குளிர்ந்திருப்பதால், ஆவியின் ஒரு பகுதி அவற்றின் மீது படிந்து நீர்மமாகிறது. அது எண்ணெயைக் கரைத்துக்கொண்டு, பின்வரும் ஆவியின் வெப்பத்தில் மறுபடியும் ஆவியாகிறது.

எளிதில் ஆவியாகாத சர்க்கரை, துவர்ப்புத் தரும் டேனின், நிறமிகள் ஆகியவை இந்தப் பயணத்தில் சேர்வதில்லை. எனவேதான் வடிநீர் நிறமற்றதாகவும், மணம் மட்டும் கொண்டதாகவும் உள்ளது.

எல்லா மணங்களும் ஒரே நேரத்தில் வருவதும் இல்லை. பழத்தோல்களின் மெல்லிய மணம் முதலில் வரும். தனியா, ஏலக்காய் போன்றவை அடுத்து வரும். வேர்கள், மரப்பட்டைகளின் கனமான மணம் கடைசியில் வெளிப்படும். எந்தக் கட்டத்தில் வடிநீரைச் சேகரிக்கத் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்வதே வடிப்பவரின் முதன்மைத் திறனாகக் கருதப்படுகிறது. வடிநீரில் எண்ணெய் மிகுந்துவிட்டால், பின்னர் தண்ணீர் சேர்க்கும்போது அது பால்போல் கலங்கிவிடும். எண்ணெய் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது என்பதே அதற்குக் காரணம்.

இந்திய மரபில் ஆவியும் மணமும்

ஆவியைக் கொண்டு மணம் பிரிக்கும் நுட்பம் இந்தியாவுக்குப் புதிதன்று. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் அத்தர் தயாரிக்கும் 'தேக்–பப்கா' முறை இன்றும் வழக்கில் உள்ளது. 'தேக்' எனும் செப்பு அண்டாவில் பூக்களும் தண்ணீரும் இடப்பட்டு, மூடியின் விளிம்பு களிமண்ணால் அடைக்கப்படுகிறது. எழும் ஆவி மூங்கில் குழாய் வழியே 'பப்கா' எனும் செப்புக் குடுவையை அடைகிறது. தண்ணீரில் அமிழ்த்திக் குளிர்விக்கப்படும் அந்தக் குடுவையிலுள்ள சந்தன எண்ணெய், பூவின் மணத்தை ஈர்த்துக்கொள்கிறது. முதல் மழையில் எழும் மண்வாசனையைக்கூட, சுட்ட களிமண்ணிலிருந்து இதே முறையில் பிரித்து 'மிட்டி அத்தர்' தயாரிக்கின்றனர். இதில் ஆல்கஹால் பயன்படுத்தப்படுவதில்லை. கன்னோஜ் நறுமணப் பொருள்களுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டுள்ளது.

சித்த மருத்துவத்தில் 'தீநீர்' என்ற மருந்து வகை உண்டு. ஓமம் போன்ற மூலிகைச் சரக்குகளை நீரிலிட்டு, 'வாலை' எனும் வடிகலனில் வடித்தெடுப்பதே தீநீர். மணமுள்ள, எளிதில் ஆவியாகும் பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் அதே கோட்பாடு இங்கும் செயல்படுகிறது.

மதுவைப் பொறுத்தவரை, கோவாவின் ஃபெனி குறிப்பிடத்தக்கது. போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த முந்திரியின் பழச்சாற்றைப் புளிக்கவைத்து வடிக்கப்படும் முந்திரி ஃபெனி, 2009-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. முதல் வடிப்பில் கிடைப்பது 'உர்ராக்'. மேலும் வடிக்கும்போது கிடைப்பது ஃபெனி. நன்னாரி வேரால் மணமூட்டப்படும் 'துக்ஷிரி' என்ற வகையும் கோவாவில் உண்டு. ராஜஸ்தானின் முன்னாள் அரச குடும்பங்கள் தங்கள் மாளிகைகளில் குங்குமப்பூ, ஏலக்காய் உள்ளிட்ட வாசனைப் பொருள்களைச் சேர்த்து வடித்துவந்த மதுவகைகளை, அம்மாநில அரசின் கங்காநகர் சர்க்கரை ஆலை நிறுவனம் பின்னர் 'பாரம்பரிய மது' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

கடந்த சில ஆண்டுகளில் கோவாவை மையமாகக் கொண்டு சிறு ஜின் வடிப்பாலைகள் பல உருவாகியுள்ளன. இமயமலை ஜூனிப்பர், வங்கத்தின் கந்தராஜ் எலுமிச்சை, மஞ்சள், மாங்காய் என உள்நாட்டுப் பொருள்கள் அவற்றில் இடம்பெறுகின்றன. இவை அனைத்தும் உரிமம், ஆய்வகப் பரிசோதனை, கலால் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு உட்பட்டவை.

மணம் நஞ்சை நீக்காது

வடித்தலில் பேராபத்து மெத்தனால் ஆகும். பழங்களிலுள்ள பெக்டின் சிதையும்போது மெத்தனால் சிறிதளவு உருவாகிறது. அதன் கொதிநிலை 64.7 டிகிரி என்பதால், முதலில் வரும் வடிநீரைக் கொட்டிவிட்டால் மெத்தனால் முழுவதும் நீங்கிவிடும் என்று பலர் நம்புகின்றனர். நீரும் எத்தனாலும் மெத்தனாலும் கலந்த கலவையில் இவை தனித்தனியே வரிசையாகக் கொதிப்பதில்லை. வடிப்பின் தொடக்கம் முதல் இறுதி வரை மெத்தனால் வெவ்வேறு அளவுகளில் வெளிவந்துகொண்டே இருக்கும்.

மணமூட்டும் கூடை ஒரு வடிகட்டி அன்று. மண எண்ணெயைச் சுமந்து செல்லும் அதே ஆவியில் மெத்தனாலும் தடையின்றிச் செல்கிறது. மெத்தனாலின் மணமும் எத்தனாலின் மணமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், முகர்ந்தோ சுவைத்தோ வேறுபடுத்த இயலாது. ஏலக்காயும் எலுமிச்சையும் மணக்கும் சாராயத்தில், கெட்ட வடிப்பைக் காட்டிக்கொடுக்கும் பிற வாடைகளும் மறைந்துவிடும். ஆய்வகப் பரிசோதனை மட்டுமே மெத்தனாலின் அளவை உறுதிசெய்யும்.

எனினும், இந்தியாவில் கூட்டமாக உயிர்களைப் பறித்த கள்ளச்சாராய நிகழ்வுகள் பலவற்றுக்குக் காரணம் இயற்கையாக உருவாகும் மெத்தனால் அன்று. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் கலக்கப்படுவதே காரணமாக இருந்துள்ளது. 2019 பிப்ரவரியில் அசாமில் 150-க்கும் மேற்பட்டோரும், 2020-இல் பஞ்சாபில் 100-க்கும் மேற்பட்டோரும், 2022 ஜூலையில் குஜராத்தில் 40-க்கும் மேற்பட்டோரும் நச்சுச் சாராயத்துக்குப் பலியாயினர். 2024 ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

உடலுக்குள் சென்ற மெத்தனால், கல்லீரலில் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. இந்த அமிலமே கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கிறது. இம்மாற்றத்துக்கு நேரம் பிடிப்பதால், அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தெரியும். குடித்தவர் முதலில் நலமாக இருப்பதுபோல் தோன்றுவதே இந்த நஞ்சின் கொடுமை. பார்வை மங்குதல், வாந்தி, கடும் வயிற்றுவலி, மூச்சிரைப்பு ஆகியவை தென்பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஃபோமிபிசோல் போன்ற மாற்று மருந்துகளும் ரத்தச் சுத்திகரிப்பும் உரிய நேரத்தில் கிடைத்தால் உயிரையும் பார்வையையும் காப்பாற்ற முடியும். உடன் குடித்தவர்களும் அறிகுறி தோன்றும் வரை காத்திருக்காமல் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

தீ, ஈயம், தவறான மூலிகை

ஆல்கஹால் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. காற்றில் அதன் அளவு ஏறத்தாழ 3.3 விழுக்காடு முதல் 19 விழுக்காடு வரை இருந்தால், ஒரு தீப்பொறியே வெடிப்புக்குப் போதுமானது. மணமூட்டும் கூடையில் பொருள்களை அழுத்தித் திணித்தால் ஆவியின் பாதை அடைபட்டு, கலனுக்குள் அழுத்தம் உயரும். இணைப்புகளின் வழியே ஆவி பீறிட்டால், அடுப்பின் தீ அதைப் பற்றிக்கொள்ளும். ஆலைகளில் நீராவிச் சூடேற்றம், அழுத்தம் தணிக்கும் வால்வு, காற்றோட்டம், தீப்பொறி எழாத மின்சாதனங்கள் ஆகியவை பயன்படுத்தப்படுவது இதனால்தான்.

கலன் எதனால் ஆனது என்பதும் முக்கியம். பழைய வாகன ரேடியேட்டர்களைக் குளிர்விப்பானாகப் பயன்படுத்தும்போது, அவற்றின் பற்றவைப்பிலுள்ள ஈயம் மதுவில் கரைந்து நாட்பட்ட நஞ்சாகிறது. வடிகலன்களுக்குச் செம்பு தேர்ந்தெடுக்கப்படுவதற்கு, நாற்றம் தரும் கந்தகச் சேர்மங்களை அது பிடித்து வைத்துக்கொள்வதும் ஒரு காரணம்.

மருந்தாகப் பழகிய மூலிகை என்பதால் எல்லாவற்றையும் மணமூட்டப் பயன்படுத்திவிட முடியாது. வசம்பு அதற்கு எடுத்துக்காட்டு. அதன் எண்ணெயிலுள்ள பீட்டா–அசரோன் எளிதில் ஆவியாகும் பொருளாதலால் வடிநீரிலும் வந்து சேரும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் பீட்டா–அசரோனை மணமூட்டியாகப் பயன்படுத்தத் தடை விதித்துள்ளன.

சட்டம் சொல்வது என்ன?

அரசமைப்புச் சட்டத்தின் 7-ஆவது அட்டவணையிலுள்ள மாநிலப் பட்டியலின் 8-ஆவது பதிவின்படி, மது உற்பத்தி, வைத்திருத்தல், கொண்டுசெல்லுதல், விற்பனை ஆகியவை மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. தொழிற்சாலை ஆல்கஹாலும் இப்பதிவின்கீழ் வரும் என 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

எனவே, விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. குஜராத், பிகார் போன்ற மாநிலங்களில் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. கோவாவில் ஃபெனி வடிப்போர் உரிமம் பெற வேண்டும். சத்தீஸ்கர் உள்ளிட்ட சில மாநிலங்களில் பழங்குடியினர் சொந்தப் பயன்பாட்டுக்காக இலுப்பைப்பூ சாராயத்தைக் குறிப்பிட்ட அளவுக்குள் வடித்துக்கொள்ள விலக்கு உண்டு. பொழுதுபோக்காக வீட்டில் மது வடிப்பதற்கு இந்த விலக்கு பொருந்தாது. கள்ளக்குறிச்சி நிகழ்வுக்குப் பின் தமிழக அரசு 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்புக்குக் காரணமான கள்ளச்சாராயக் குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழிவகுத்தது.

நியூசிலாந்தில் நிலைமை வேறு. அங்கு 1996-ஆம் ஆண்டு முதல் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் மது வடிக்க அனுமதி உண்டு. விற்பனைக்கு அனுமதி இல்லை.

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் மதுபானங்களுக்கான விதிமுறைகள் 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒவ்வொரு மதுவகையின் வரையறை, மெத்தனால் உள்ளிட்ட பொருள்களுக்கான உச்சவரம்பு, லேபிளில் இடம்பெற வேண்டிய விவரங்கள் ஆகியவற்றை அவை வகுத்துள்ளன. ஆல்கஹால் விழுக்காடும் எச்சரிக்கை வாசகமும் லேபிளில் இருப்பது கட்டாயம். லேபிள் இல்லாத, 'வீட்டுத் தயாரிப்பு', 'மூலிகைச் சரக்கு' என்ற பெயரில் கைமாறும் மதுவில் இவற்றுள் எதற்கும் உறுதி இல்லை.

உரிமம் பெற்ற மதுவும் உடல்நலத்துக்குத் தீங்கானதே. முற்றிலும் பாதுகாப்பானது எனக் கூறத்தக்க மது அளவு எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெரிவித்தது.