கங்கம்மா ஜாத்திரையில் குழந்தைக்கு வேஷம்

திருமலை அடிவாரத்தில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மே மாதம் என்றால் பள்ளி விடுமுறை, வெயில், அத்துடன் திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை. ஊரே வேஷம் போட்டுத் திரியும் அந்த ஒரு வாரமும் நம்மில் பலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுகிறோம். நானும் அப்படி இருந்தவன்தான். ரயில்வே வேலையாக இங்கு வந்த புதிதில், 1993ஆம் ஆண்டு, என் ஐந்து வயது மகன் தானும் கரி பூசிக்கொள்ள வேண்டும் என்று அழுதான். "அதெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் பண்டிகை, கெட்ட வார்த்தை பேசுவார்கள்" என்று அதட்டி உட்கார வைத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வேடிக்கை பார்த்தான்.

அந்தப் பையன் இப்போது இத்தாலியில், மிலான் நகரில் வேலை பார்க்கிறான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குமுன் அங்கு கார்னிவல் வருகிறது. குழந்தைகள் வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் வண்ணக் காகிதத் துணுக்குகளை வீசி விளையாடுவார்கள். அந்தத் துணுக்குக்குப் பெயர் கொரியாந்தொலி. கொத்தமல்லி விதையிலிருந்து வந்த பெயர். ஒரு காலத்தில் சர்க்கரை பூசிய கொத்தமல்லி விதையையே வீசினார்களாம். எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவிய பலகாரமும் உண்டு, நம் கலகலாவுக்குத் தங்கை. பேரனுக்குச் சிங்க வேஷம் போட்ட படத்தை அனுப்பிவிட்டு மகன் தொலைபேசியில் கேட்டான்: "ஏம்பா, நம்ம ஊர்லயும் இதுதானே நடந்தது? என்னை ஏன் விடலை?" எனக்குப் பதில் வரவில்லை. "மே மாசம் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வா" என்றேன்.

கதையைக் குழந்தைக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். பெண்களைத் துன்புறுத்திய ஒரு பாளையக்காரன். அவனை ஒழிக்க வந்தவள் கங்கம்மா. பயந்து ஒளிந்தவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேஷத்தில் வருகிறாள். நம் பெருமாளுக்கு இவள் தங்கை. அதனால் தேவஸ்தானத்திலிருந்து இவளுக்குப் புடவையும் மஞ்சள் குங்குமமும் சீராக வருகின்றன.

செவ்வாய் இரவு சாட்டுதல். மறுநாள் முதல் வேஷங்கள். புதன் பைராகி, உடம்பெல்லாம் வெள்ளை. வியாழன் பண்ட வேஷம், குங்குமச் சிவப்பு. வெள்ளி தோட்டி வேஷம், கரியும் வேப்பிலையும். சனி துரை வேஷம், சந்தனம். துரையே வந்திருக்கிறார் என்று நம்பி வணங்க வந்த பாளையக்காரனை அம்மன் அன்றுதான் வெட்டுகிறாள். ஞாயிறு மாதங்கி, ஆண்கள் புடவை கட்டும் நாள். 2024இல் வந்த 'புஷ்பா 2' படத்தில் அல்லு அர்ஜுன் புடவை கட்டி ஆடியது இந்த ஜாத்திரை வேஷத்தில்தான். அமெரிக்கப் பேராசிரியை ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் இந்தக் கங்கம்மாவைப் பற்றி 2013இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார். நாம் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தும் எட்டிப் பார்க்கவில்லை! நமக்குப் புதிதா இது? குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுகிறவர்கள் நம்மவர்கள்தானே.

கெட்ட வார்த்தை விஷயம் உண்மை. பண்ட வேஷத்தன்று வசை பாடுவது, ஒளிந்தவனை ரோஷப்படுத்தி வெளியே இழுப்பதற்காம். சின்னக் குழந்தைகளுக்கு அந்த நாளை விட்டுவிடலாம்; குங்குமம் வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வீட்டில் செய்தால் ஒரு மாதிரி. கடைக் குங்குமத்தில் சாயம் கலந்திருக்கலாம், மெல்லிய தோல் தாங்காது. கரி என்றால் சுத்தமான விறகுக் கரியை நைஸாக அரைத்துச் சலித்து, தேங்காய் எண்ணெய் தடவிய பிறகு பூசுங்கள். கண், வாய் ஓரம் கூடாது. எதுவானாலும் முந்தின நாளே முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். முதல் தடவைக்குச் சந்தனம்தான் நல்லது, வெயிலுக்கும் குளிர்ச்சி.

தண்டவாளத்தில் வேலை பார்த்தவனுக்கு மே மாத வெயில் தெரியும். இரும்பே நீண்டு வளைந்துவிடுமோ என்று நடுப்பகலில் ஆள் விட்டுக் கண்காணிப்போம். ஆகவே காலை எட்டரைக்குள் கோயிலுக்குப் போய்த் திரும்பிவிடுங்கள். மோர் கையில் இருக்கட்டும். குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய சீட்டு அவசியம். களிமண் அம்மன் முகத்தைப் பிரித்து மண்ணைப் பிரசாதமாகக் கொடுக்கும் கடைசி இரவு நெரிசலுக்குக் கைக்குழந்தைகளைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பேரன் சனிக்கிழமை சந்தனம் பூசி, வேப்பிலையைக் கையில் பிடித்து, பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகளோடு போய் வந்தான். அவனுக்குத் தெலுங்கும் தெரியாது, அவர்களுக்கு இத்தாலியனும் தெரியாது. ஆனால் அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை விடிகாலை, கொல்லைப்புறத்தில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். என் மகன், முப்பத்தேழு வயது, கரிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். முதுகுக்குக் கை எட்டவில்லை. நான்தான் பூசிவிட்டேன்.