சுத்தி உப்புத் தண்ணி... பழவேற்காடு ஓரத்து நெல்லுக்கு பொட்டாஷ் எதுக்கு?

உரக்கடையில் யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. பொட்டாஷ் 50 கிலோ மூட்டையோ, 2022-ல் 1,700 ரூபாயைத் தொட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வரை ஆயிரத்தைச் சுற்றித்தான் இருந்தது. நம் நாட்டில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் என்று கப்பலில்தான் வரணும். உக்ரைன் போர், பெலாரஸ் மீதான தடை எல்லாம் சேர்ந்து விலையை ஏற்றிவிட்டன. கையில் காசு குறைந்தால் விவசாயி முதலில் எதை விடுவார்? பொட்டாஷைத்தான்.

ஆனால் பழவேற்காடு ஏரியை ஒட்டிய வயல்களில் அது சரியான மிச்சமா?

ஏரியிலும் கடலிலும் பொட்டாசியம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு லிட்டர் கடல் தண்ணியில் சுமார் 0.4 கிராம். கூடவே சோடியம் 10.8 கிராம், அதாவது 27 மடங்கு! அங்கேதான் சிக்கல். வேருக்கு இந்த இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, அடையாளம் குழம்பிவிடும். மண்ணில் சோடியம் ஏறினால், பொட்டாசியம் நுழைய வேண்டிய வழியில் சோடியம் புகுந்துவிடுகிறது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்தது 1960-களின் கடைசியிலிருந்தே தெரிந்த கதை. அந்தக் கிணற்றுத் தண்ணியைப் பாய்ச்சினால், வயலுக்கும் இதே நிலைமைதான்.

பொட்டாசியம் பயிருக்குள் என்ன வேலை செய்கிறது? இலைத் துளைகளைத் திறந்து மூடுகிறது, இலையில் தயாராகும் சர்க்கரையை மணிக்கு அனுப்புகிறது, தண்டைக் கெட்டியாக்குகிறது. குறைந்தால் அடி இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் கருகும், பயிர் சாயும், பதர் கூடும். கோதுமையிலும் இதே கதைதான். பொட்டாஷ் போட்டால் மணிக்குள் பொட்டாசியம் பெரிதாக ஏறுவதில்லை. மணிகள் நிறைந்து விளைச்சல்தான் ஏறுகிறது. பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலிலேயே தங்கிவிடும். வைக்கோலை வித்துட்டா, சத்தும் வண்டி ஏறிப் போச்சு!

சோடியத்தைத் தடுத்து நிறுத்தும் 'வாட்ச்மேன்' மரபணு ஒன்றும் இருக்கிறது. வங்காளத்து உப்பு நில நெல்லான நோனா போக்ராவில் அதை 2005-ல் அடையாளம் கண்டார்கள். அதே குடும்பத்து மரபணுவை காட்டு உறவிலிருந்து ரவைக் கோதுமைக்குக் கொண்டுவந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், உப்பு மண்ணில் 25 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல் கிடைத்ததாக 2012-ல் அறிவித்தார்கள்.

சரி, மூட்டை மூட்டையாகக் கொட்டலாமா? வேண்டாம். கடையில் கிடைக்கும் சிவப்பு பொட்டாஷும் ஒரு உப்புதான், அதில் குளோரைடு இருக்கிறது. மத்திய, நீண்டகால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 50 கிலோ சாம்பல் சத்து. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 34 கிலோ பொட்டாஷ் வரும். அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என நாலாகப் பிரித்துப் போட்டால் ஒரே நேரத்தில் உப்பு ஏறாது. கையில் பணம் இருந்தால் சல்பேட் பொட்டாஷ் நல்லது, ஆனால் விலை அதிகம். நல்ல தண்ணி வைத்து உப்பை வடிக்காமல் எந்த உரம் போட்டும் முழுப் பலன் கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதில் மீனவ குப்பங்களுக்கு என்ன இருக்கு? நிறையவே. பொட்டாஷ் இல்லாமல் யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால், பயிர் அதை முழுசாக எடுத்துக்கொள்ளாது. மிச்சம் மழையில் கரைந்து ஆரணி ஆறு வழியாக ஏரிக்கு வரும். தழைச்சத்து ஏறினால் பாசி பெருகும், அது அழுகும்போது தண்ணியில் ஆக்சிஜன் குறையும். இறாலும் நண்டும்தான் முதலில் அடி வாங்கும். முகத்துவாரம் மணலால் அடைபட்டு, கடல் தண்ணி வந்து போகாத மாதங்களில் இது இன்னும் மோசம்.

அறுவடை முடிந்து, அடுத்த உரம் போடுவதற்கு முன் மண் எடுப்பதுதான் சரியான நேரம். வயலில் பத்து இடங்களில் அரை அடி ஆழத்துக்கு எடுத்துக் கலந்து, அரை கிலோ கொடுத்தால் போதும். திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. சத்தோடு உப்பின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.